பன்னெண்டு பதிமூணு வயசுக்கு எந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் குடுக்கலாம்?

சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவல் எதாவது சொல்லுங்கன்னு கேக்குற அப்பா அம்மாக்கள் நிறைய பேர் கூடவே ஒரு வரி சேர்த்துடுவாங்க, "படிச்சா சயின்ஸ்லயும் கொஞ்சம் இன்ட்ரஸ்ட் வரும்ல"ன்னு. ஆசை நியாயமானதுதான். ஆனா அந்த ஒரு காரணத்தோட கடைக்குப் போனா கைக்கு வர்றது கதையும் இல்லாம பாடமும் இல்லாம ரெண்டுங்கெட்டானா ஒண்ணு, நடுநடுவுல ஒரு விஞ்ஞானி தாத்தா வந்து ஒளியோட வேகம் எவ்ளோன்னு ரெண்டு பக்கம் லெக்சர் குடுப்பாரு, புள்ளைங்க அந்த ரெண்டு பக்கத்தையும் புரட்டித் தள்ளிட்டு நேரா மொபைல எடுத்துக்கும்.

என்னோட அபிப்பிராயம் வேற. ஏழாவது எட்டாவது படிக்கிற வயசுல புள்ளைங்க மனசுல ஓடுற பெரிய கேள்வி ராக்கெட் எப்படிப் பறக்குதுங்கிறது கிடையாது, இந்த ரூல எல்லாம் யாரு போட்டாங்க, நான் ஏன் கேக்கணும், பெரியவங்க சொல்றதெல்லாம் உண்மைதானா, இதுதான். அந்தக் கேள்விய தைரியமா கையில எடுக்குற கதை சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல நிறைய இருக்கு, ஏன்னா ஒரு உலகத்த மொத்தமா புதுசா கட்டிக் காட்டும்போது அதோட ரூல்ஸும் பளிச்சுன்னு வெளிய தெரிஞ்சிடும். அதனால நான் புக் தேடும்போது மொதல்ல பாக்குறது இதத்தான்: கதையில வர்ற பையனோ பொண்ணோ பெரியவங்க உலகத்தப் பார்த்து சந்தேகப்படுறாங்களா, அந்த சந்தேகத்துக்கு கதை மதிப்பு குடுக்குதா.

இதுக்கு நான் எப்பவும் மொதல்ல எடுத்து நீட்டுறது ஜான் கிறிஸ்டோபர் எழுதின தி ஒயிட் மவுண்டன்ஸ். 1967ல வந்தது, ட்ரைபாட்ஸ் வரிசையில மொதல் புக். பூமிய மூணு கால் ராட்சச மெஷினுங்க ஆளுது, ஜனங்க பழையபடி குதிரை வண்டி, வயல்னு கிராமத்து வாழ்க்கைக்குத் திரும்பிட்டாங்க, எல்லாரும் அமைதியா சந்தோஷமா இருக்காங்க. ஒரே ஒரு சடங்கு மட்டும் உண்டு. பதினாலு வயசு ஆனா ஒரு ட்ரைபாட் வந்து தூக்கிட்டுப் போய் தலையில தொப்பி மாதிரி ஒரு உலோக வலைய பதிச்சு திருப்பி அனுப்பும். அதுக்கப்புறம் அவங்க எதையும் எதுத்துக் கேக்க மாட்டாங்க. ஹீரோ பேரு வில், பதிமூணு வயசு. அவனோட கசின் ஜாக், ரெண்டு பேரும் சேர்ந்து ஊருக்கு வெளிய ஒரு ரகசிய இடம் வெச்சு ஆயிரம் விஷயம் பேசினவங்க, அந்த ஜாக்குக்கு தொப்பி வெச்சு அனுப்புனதும் ஆளே மாறிடுறான். கோவமோ சண்டையோ எதுவும் இல்ல. நல்ல பையனா, பொறுப்பா, சிரிச்ச முகமா இருக்கான், ஆனா பழைய பேச்சு எதுலயும் அவனுக்கு ஆர்வமே இல்ல.

எங்க அக்கா பொண்ணு எட்டாவது படிக்கும்போது இதப் படிச்சா. அந்த எடத்துல புக்க மடியில வெச்சுட்டு என்னையப் பார்த்து, "சித்தி, எங்க அண்ணனும் டென்த் போனதும் இப்படித்தான் ஆயிட்டான்"ன்னா. அவ பெருசா ஒண்ணும் யோசிச்சு சொல்லல, தோணுச்சு சொல்லிட்டா. எனக்கு பதில் வரல. கோச்சிங், டெஸ்ட் சீரிஸ், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் மேத்ஸ்னு போற ஒரு பையன அவ தங்கச்சியா இருந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கா, அதச் சொல்ல ஒரு கதை கெடைச்சதும் சொல்லிட்டா. இங்கிலீஷும் கஷ்டமா இருக்காது, சின்ன புக். ஒரு குறை உண்டு, ஓடிப்போற மூணு பேரும் பசங்க, பொண்ணுங்களுக்கு இந்தக் கதையில பெரிய வேலை இல்ல. அதையும் அவளே கவனிச்சு கேட்டா, கேக்கட்டும்.

பொண்ணு ஹீரோவா வேணும்னா மடலின் லெங்கிளோட எ ரிங்கிள் இன் டைம், 1962. மெக் மரிங்கிற பொண்ணு மூக்கு கண்ணாடி போட்டவ, முன்கோபக்காரி, கணக்குல புலி ஆனா ஸ்கூல்ல கெட்ட பேரு. காணாமப் போன விஞ்ஞானி அப்பாவ தேடிப் போறா. ஒரு கிரகத்துல எல்லா வீட்டு வாசல்லயும் புள்ளைங்க ஒரே தாளத்துல பந்து தட்டிட்டு இருப்பாங்க, ஒரு பையன் மட்டும் தாளம் தப்பிப் பந்த விட்டுடுவான், அவங்க அம்மா ஓடி வந்து பதறி அவன உள்ள இழுத்துட்டுப் போவாங்க. அந்தப் பக்கத்தப் படிச்ச எந்தப் புள்ளையும் மறக்காது. மெக்கோட பிடிவாதமும் கோபமும் அந்த கிரகத்துல அவளுக்குக் கை குடுக்குது. உன் குறையெல்லாம் திருத்திக்கோன்னு நாள் முழுக்க கேட்டு வளர்ற வயசுல இது எவ்ளோ பெரிய ஆறுதல் தெரியுமா.

அடுத்தது லோயிஸ் லோரியோட தி கிவர், 1993. இதப் பத்தி கொஞ்சம் நிதானமா பேசணும், கதையையும் கொஞ்சம் உடைக்க வேண்டியிருக்கு, மன்னிச்சுக்கோங்க. வலி, பசி, சண்டை எதுவுமே இல்லாத ஒரு ஊரு, அங்க யாருக்கும் கலர் கூட தெரியாது. பன்னெண்டு வயசானதும் ஒவ்வொரு புள்ளைக்கும் வேலைய பெரியவங்களே முடிவு பண்ணிக் குடுப்பாங்க. ஜோனஸ்ங்கிற பையனுக்கு பழைய உலகத்தோட ஞாபகங்கள எல்லாம் சுமக்குற வேலை வருது. பாதி புக் வரைக்கும் மெதுவா அழகா போகும். அப்புறம் ஒரு எடத்துல ஜோனஸ் ஒரு ரெக்கார்டிங் பாக்குறான், அவனோட அப்பா, வீட்டுல அவ்ளோ அன்பா கொஞ்சிப் பேசுற மனுஷன், ரெட்டைப் புள்ளையில எடை கம்மியா இருக்குற குழந்தைய ஊசி போட்டுக் கொன்னுட்டு ஒரு பெட்டியில வெச்சு தள்ளிவிட்டுட்டு கைய ஆட்டுறாரு. குரல் கூட மாறாது.

அமெரிக்காவுல பல ஸ்கூல்கள்ல இந்த புக்க எடுக்கச் சொல்லி பெத்தவங்க எதிர்ப்பு தெரிவிச்சிருக்காங்க, அதே நேரம் அங்க புள்ளைங்க புக்குக்குக் குடுக்குற நியூபெரி பரிசும் 1994ல இதுக்குத்தான் கெடைச்சது. நான் குடுக்கலாம்னுதான் சொல்லுவேன், ஆனா நீங்க மொதல்ல படிச்சிருக்கணும், புள்ள அந்த எடத்துக்கு வர்ற நாள்ல வீட்டுல இருக்கணும். எங்க பொண்ணு ராத்திரி வந்து கேட்டது, "அந்த அப்பாவுக்கு தப்புன்னே தெரியலையா சித்தி, இல்ல தெரிஞ்சும் பண்றாரா?" அன்னைக்கு ஒரு மணி நேரம் பேசிட்டு இருந்தோம், எல்லாரும் செய்யுறாங்கன்னு ஒருத்தர் ஒண்ணு செஞ்சா அது அவரோட தப்பா, கேள்வியே கேக்காம வளர்ந்தா தப்பு எதுன்னு எப்படித் தெரியும்னு எங்கெங்கயோ போச்சு. முடிவும் இப்படி ஆச்சுன்னு தெளிவா சொல்லாது, சில புள்ளைங்களுக்கு எரிச்சல் வரும், பரவால்ல.

சோகமா இருக்கு, பயமா இருக்குங்கிறதுக்காக ஒரு புக்க ஒளிச்சு வெக்க வேண்டியதில்ல. நான் பாக்குறது அந்தக் கொடுமைய கதை எப்படி வெச்சிருக்குன்னு. தி கிவர்ல அந்தக் குழந்தையோட சாவு, அதோட கனம் கடைசிப் பக்கம் வரைக்கும் வருது. அப்படி வந்தா அந்த வயசுப் புள்ள தாங்கும். வரிசையா சாவு நடந்து, அடுத்த பக்கத்துலயே ஹீரோ ஜோக் அடிச்சிட்டுப் போறான்னா அதத்தான் நான் தள்ளி வெப்பேன், அட்டையில எவ்ளோ அழகா ராக்கெட் போட்டிருந்தாலும் சரி.

கடையில யங் அடல்ட்னு ஒரு அலமாரி இருக்கும்ல, அத நம்பி மட்டும் வாங்காதீங்க. பன்னெண்டுல இருந்து பதினெட்டு வரைக்கும் எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கி வெச்சிருப்பாங்க, ஏழாவது படிக்கிற புள்ளைக்கும் காலேஜ் போகப் போற புள்ளைக்கும் ஒரே அலமாரின்னா எப்படி. சூசன் காலின்ஸோட தி ஹங்கர் கேம்ஸ் 2008ல வந்தது, இருபத்தி நாலு புள்ளைங்கள ஒரு அரங்கத்துல விட்டு ஒருத்தர ஒருத்தர் கொல்ல வெச்சு அத டிவியில காட்டுற கதை, அதுல சாவுற ரூவுக்கு வயசு பன்னெண்டு. ரொம்ப நல்ல நாவல், அந்த டிவி பாக்குற கூட்டத்துல நாமளும் ஒருத்தரான்னு கேக்க வெக்கும், ஆனா பதிமூணு முடிஞ்சு அந்தப் புள்ளையோட மனசு தெரிஞ்சுதான் குடுப்பேன். ஆர்சன் ஸ்காட் கார்டோட எண்டர்ஸ் கேம் இன்னும் ஒரு வருஷம் தள்ளி. ஆறு வயசுப் பையன்ல கதை ஆரம்பிக்குதேன்னு சின்னப் புள்ளைங்க புக்னு நினைச்சு வாங்கிடுறாங்க, உள்ள இருக்குற அடியும் தனிமையும் வேற லெவல்.

பழைய கிளாசிக் குடுக்கலாம்னு ஜூல்ஸ் வெர்ன் வாங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இது நிறைய பேருக்குத் தெரியாது. ட்வெண்ட்டி தவுசண்ட் லீக்ஸ் மலிவு விலையில பல கம்பெனி போடுது, அதுல பெரும்பாலும் இருக்குறது 1870கள்ல வந்த லூயிஸ் மெர்சியரோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. பிரெஞ்சு மூலத்துல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு அதுல வெட்டப்பட்டிருக்கு, கணக்கும் அறிவியல் விவரமும் பல எடத்துல தப்பு. அதப் படிச்சிட்டு வெர்ன் போர்னு புள்ளைங்க சொன்னா அது வெர்னோட தப்பு கிடையாது. எஃப். பி. வால்டர் பண்ணின மொழிபெயர்ப்பு ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்ங்கிற இ-புக் சைட்ல ஃப்ரீயாவே இருக்கு, அச்சுல வேணும்னா ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட வில்லியம் புட்சரோடது. அதுலயும் மீன் பேரு பட்டியல் பக்கம் பக்கமா வரும், அத தாண்டிப் போன்னு நானே சொல்லிக் குடுத்துடுவேன். இந்தக் கதையில நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டுற கேப்டன் நீமோ யாருங்கிற ரகசியம் வெர்னோட இன்னொரு நாவல் தி மிஸ்டீரியஸ் ஐலண்ட்ல வருது, அவரு பண்டேல்கண்ட் இளவரசர் டக்கார், 1857 கிளர்ச்சியில வெள்ளைக்காரங்கள எதிர்த்து சண்டை போட்டவரு. ஹிஸ்டரி பாடத்துல அத அப்பதான் படிக்கிற புள்ளைங்களுக்கு இது தெரிய வரும்போது மூஞ்சி எப்படி மாறும்னு பாக்கணும்.

கதைன்னாலே ஓடுற பையனா? ஆண்டி வெய்ரோட தி மார்ஷியன். செவ்வாய்ல தனியா மாட்டிக்கிட்ட ஒருத்தன் உருளைக்கிழங்கு வெளைய வெச்சு, ராக்கெட் எரிபொருள்ல இருந்து தண்ணி எடுத்து உயிர் பொழைக்கிறான், எல்லாம் டைரி மாதிரி சின்னச் சின்னதா இருக்கும். கெட்ட வார்த்தை ஏராளம், ஆனா அதெல்லாம் எடுத்துட்டு ஸ்கூலுக்குன்னே ஒரு கிளாஸ்ரூம் எடிஷன் இருக்கு, அதக் கேட்டு வாங்குங்க. கதைய ஆரம்பிச்சு வெக்கிற அந்தப் புயல் செவ்வாய்ல நடக்கவே நடக்காது, அங்க காத்தோட அழுத்தம் நம்ம பூமியில ஒரு சதவீதத்துக்கும் கம்மி, எவ்ளோ வேகமா அடிச்சாலும் ஆள தூக்கிப் போடாது. இது வெய்ரே ஒத்துக்கிட்ட விஷயம். ஒரு தப்பு இருக்கு கண்டுபிடின்னு மட்டும் சொல்லிப் பாருங்க, வாசிக்கவே பிடிக்காத பையன் கூட பென்சிலோட உக்காருவான். அசிமோவ் 1950கள்ல புள்ளைங்களுக்காக எழுதின லக்கி ஸ்டார் வரிசையும் இதுக்குத் தோதானது. அதுல வெள்ளி கிரகம் முழுக்க கடலா இருக்கும், அப்புறம் உண்மை தெரிய வந்ததும் அசிமோவே முன்னுரை எழுதி அத சொல்லி வெச்சாரு. தனக்குத் தெரிஞ்சது மாறிடுச்சுன்னு ஒரு பெரிய மனுஷன் அச்சுல சொல்றத படிக்கிறதே அந்த வயசுக்கு நல்ல அனுபவம்.

தமிழுக்கு வருவோம். சுஜாதாவோட என் இனிய இயந்திராவ இன்னும் தாராளமா குடுக்கலாம், அதுக்கப்புறம் மீண்டும் ஜீனோ. 80கள்ல ஆனந்த விகடன்ல தொடரா வந்தப்போ 2020களோட ஆரம்பத்துல நடக்கப் போற கதையா எழுதினது, அந்த வருஷத்த நாம இப்போ தாண்டியே வந்துட்டோம். நிலா, சிபி, ரவி, மனோன்னு எல்லாருக்கும் ரெண்டே எழுத்துப் பேரு, புள்ள பெத்துக்கவே அரசாங்கம் அனுமதி குடுக்கணும், ஜீவான்னு ஒரு தலைவர் நாட்ட ஆளுறாரு, அவரப் பத்தி யாரும் எதுவும் கேக்கக் கூடாது. நடுவுல ஜீனோ, புக் படிச்சுப் படிச்சு தானா யோசிக்க ஆரம்பிக்கிற ரோபோ நாய். மேல சொன்ன அதே கேள்விதான், யாரு போட்ட ரூல் இது, அத நம்ம பாஷையில ஒரு சாதாரண பொண்ணு கேக்குறா. அங்கங்க பெரியவங்களுக்கான கிண்டல் வரும், புரிஞ்சா புரியட்டும். தமிழ் வேகமா வாசிக்க வராத இங்கிலீஷ் மீடியம் புள்ளைங்களுக்கு மொத ரெண்டு அத்தியாயத்த நீங்க சத்தமா வாசிச்சுக் காட்டுங்க, ஜீனோ பேச ஆரம்பிச்சிட்டா மீதிய அவங்களே பாத்துப்பாங்க.

வாங்குறதுக்கு முன்னாடி லைப்ரரிக்கு கூட்டிட்டுப் போறது நல்லது. சென்னையில கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில கலைஞர் நூற்றாண்டு நூலகம், ரெண்டுலயும் புள்ளைங்களுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு. அஞ்சாறு புக்க எடுத்து முன்னாடி வெச்சுட்டு பத்துப் பக்கம் படிக்க விடுங்க, எது ஒட்டுதோ அதோட கெளம்புங்க. பாதியில நிறுத்தினா திட்டாதீங்க, ஆறு மாசம் கழிச்சு அதே புக்க தானா எடுப்பாங்க. முடிச்சதும் "என்ன கத்துக்கிட்ட?"ன்னு மட்டும் தயவுசெஞ்சு கேக்காதீங்க, யார் மேல கோவம் வந்துச்சுன்னு கேளுங்க, அப்புறம் அவங்கள நிறுத்துறதுதான் உங்களுக்கு வேலையா இருக்கும்.

எனக்கு ஒரு ஏக்கம் இருக்கு. இந்த வயசுக்குன்னே தமிழ்ல எழுதின சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவல் நான் தேடின வரைக்கும் ரொம்ப ரொம்ப கம்மி. குட்டிப் புள்ளைங்களுக்கு படக்கதை இருக்கு, பெரியவங்களுக்கு நாவல் இருக்கு, நடுவுல நிக்கிற பதிமூணு வயசுக்கு அலமாரி காலியா கெடக்கு. தூத்துக்குடியில உப்பளத்துப் பக்கம் வளர்ற ஒரு பொண்ணு, இன்னும் நூறு வருஷம் கழிச்சு கடல் மட்டம் ஏறின ஊருல, இந்த ரூல யாரு போட்டதுன்னு கேக்குற கதைய யாராவது எழுதுங்க. எழுதினீங்கன்னா மொத காப்பிய வாங்க எங்க வீட்டுல ஒருத்தி ரெடியா இருக்கா.