யார் கைவைத்த வண்டி

மார்ச் 3
வண்டி வந்து இறங்கிவிட்டது. ஹோண்டா டிஆர்எக்ஸ்400ஈஎக்ஸ், காடு மேடெல்லாம் ஓடுகிற நாலு சக்கர வண்டி. "எல்லாமே கம்பெனி செட்டிங்" என்றார் விற்றவர். ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மார்ச் 4
சீட்டைக் கழற்றினேன். இன்ஜினுக்குக் காற்று போகிற ஏர் பாக்ஸுக்கு மூடியே இல்லை. சைலன்சர் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பார்க் அரெஸ்டர் வலையும் இல்லை. காய்ந்த புல்லுக்குள் போகிற வண்டி. தீப்பொறியைத் தடுக்கிற ஒரே பொருளைக் கழற்ற எப்படித்தான் மனசு வந்ததோ.

மார்ச் 5
மழை. தொடவில்லை.

மார்ச் 6
மூடி இல்லாததால் காற்று கூடும், காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். யாராவது கார்புரேட்டரைத் திறந்திருப்பார்கள் என்று நானும் திறந்தேன். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது பெட்ரோலை அளந்து விடுகிற மெயின் ஜெட்டின் பித்தளைத் தலையில் 165 என்று பொறித்திருக்கிறது. மேனுவலில் உள்ளதைவிடப் பெரியது. காடியின் இரண்டு ஓரமும் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி நசுங்கியிருக்கின்றன. ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும்போது பெட்ரோல் தருகிற பைலட் ஜெட்டில் ஒரு கீறல்கூட இல்லை, அதைத் தொடவே இல்லை. அந்த வெடிச்சத்தம் இதனால்தான்: ஆக்சிலரேட்டரை விட்டதும் பைலட் ஜெட் தருகிற பெட்ரோல் இவ்வளவு காற்றுக்குப் போதாது.

சரி, 165 எதற்கு? மூடியை எடுத்ததற்காகவா, இல்லை போரையே, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தையே, பெரிதாக்கிவிட்டார்களா?

மார்ச் 8
செயின் ஓடுகிற பல்சக்கரத்தில், முன் ஸ்ப்ராக்கெட்டில், ஒரு பல்லுக்குச் சாக்பீஸ் வைத்து எண்ணினேன். 14. கம்பெனி போட்டது 15, பின்னால் 38. பின்னால் மாற்றவில்லை. இழுவை கூடும், அதே ஆர்பிஎம்மில் வேகம் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். மேடு ஏறுகிறவர் யாரோ வைத்திருந்த வண்டி. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் நான் அப்படியே விடுவேன்.

மார்ச் 9
கிளட்ச் பிடிக்காமலே, கியரில் இருக்கும்போதே செல்ஃப் எடுக்கிறது! கிளட்ச் லீவரிலிருந்து வரும் இரண்டு வயரையும் வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் திணித்திருக்கிறார்கள். வண்டிக்கு முன்னால் யாராவது நின்றிருந்தால்? ஜெட், ஸ்ப்ராக்கெட் எல்லாம் அவரவர் விருப்பம். இதை மன்னிக்க முடியாது. புது ஸ்விட்ச் வரும்வரை பேட்டரி வயரைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

தம்பி, "அக்கா, ஓடுதுல்ல? அப்புறம் என்ன?" என்கிறான். அவன் ஏறப்போகிற வண்டி இது.

மார்ச் 11
தூக்கம் வரவில்லை. போர்தான் நினைவு முழுக்க. கம்பெனி கணக்கு 85 மி.மீ. போர், 70 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 397 சிசி. 87 ஆக்கியிருந்தால் 416. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் டெஸ்டும் உதவாது: ஸ்டார்ட் பண்ண எளிதாக இருப்பதற்காகக் வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்டில் இருக்கிற டீகம்ப்ரஷன் அமைப்பு அழுத்தத்தைக் கொஞ்சம் விட்டுவிடும், கேமையும் மாற்றியிருந்தால் எந்த எண்ணோடு ஒப்பிடுவது? இது தெரியாமல் எந்தப் பெட்ரோல் ஊற்றுவது, எந்த ஜெட் போடுவது என்று எதையும் முடிவு செய்ய முடியாது. சிலிண்டருக்கு மேலே மூடியிருக்கிற ஹெட்டைத் திறந்தால் தெரிந்துவிடும். ஆனால் திறந்தால் இடையில் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் புதிதாக வேண்டும். 85க்கான கேஸ்கெட்டை 87 சிலிண்டரில் வைத்தால் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். எந்த கேஸ்கெட் என்பது திறந்தால்தான் தெரியும், திறந்தால் கேஸ்கெட் வரும்வரை வண்டி நகராது.

மார்ச் 12
திறக்கத்தான் போகிறேன்.

மார்ச் 15
ஹெட் கழன்று வந்துவிட்டது. கரியைத் துடைத்துவிட்டு வெர்னியரை வைத்தேன். குறுக்கே 87, நெடுக்கே 87. கை நடுங்குகிறதோ என்று திரும்பத் திரும்ப வைத்தேன். 87தான். பிஸ்டன் தலை மேடாக இருக்கிறது, கம்ப்ரஷனையும் ஏற்றியிருக்கிறார்கள்.

ஆனால் சிலிண்டர் சுவரில் தேய்த்து மெருகேற்றிய ஹோனிங் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அழகாக அப்படியே இருக்கின்றன. போரிங் செய்தவர் கை தேர்ந்தவர். அந்த ஜெட்டை நசுக்கியவரும் இவரும் ஒரே ஆளாக இருக்கவே முடியாது.

மார்ச் 16
விற்றவர் போனை எடுத்தார். அவரிடம் வரும்போதே அப்படித்தான் இருந்ததாம். அதற்கு முன்னால் யார் என்று கேட்டேன், நம்பர் தேடித் தருகிறேன் என்றார்.

பிஸ்டனில் அம்புக்குறியைத் தவிர ஒரு எழுத்தும் இல்லை. எந்தக் கம்பெனி பிஸ்டன் என்று தெரியாமல் ரிங் வாங்க முடியாது. பிஸ்டனின் கீழ்ப்பகுதியில், ஸ்கர்ட் பக்கம், ஏதாவது பொறித்திருக்கலாம். நாளை சிலிண்டரையும் கழற்றுகிறேன்.