அனுதினமும் என்ற ஒரு வார்த்தை

பத்தொன்பது வயதில், ஒரு வாலிபர் முகாமின் கடைசி இரவில், நான் கையை உயர்த்தினேன். ஆண்டவருக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னால் வரலாம் என்றார்கள், போனேன், முழங்கால் போட்டேன், அழுதேன். அந்த அழுகை உண்மையானது, இன்றைக்கும் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மறுநாள் வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள். ரிட்டயர் ஆனதும் ஊழியம் செய்துகொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

அந்தக் கணக்கை உடைத்தவர் ஈவ்லின் பிராண்ட். அவருடைய மகன் பால் பிராண்டைப் பலருக்குத் தெரியும், வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மறுபடி வேலை செய்ய வைத்த டாக்டர். 1914ல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். அம்மாவோ லண்டனில் வசதியான குடும்பத்துப் பெண், ஓவியம் வரைவார். கணவர் ஜெஸ்ஸியும் அவரும் மிஷனரிகளாக, ரோடே இல்லாத காலத்தில் மலையேறி அங்கே குடியிருந்தார்கள். மலேரியா வாட்டியது, இருந்தும் இறங்கிவிடவில்லை.

அப்போது மலையில் நரம்புச்சிலந்தி நோய் அதிகம். அசுத்தமான தண்ணீரைக் குடிப்பதால் உடம்புக்குள் நீளமான புழு வளர்ந்து, ஒரு வருஷம் போல ஆனதும் காலில் கொப்புளமாக வெடித்து வெளியே தலை நீட்டும். அதை எடுக்கிற விதத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்: ஒரு சின்னக் குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும், அவசரப்பட்டால் புழு உள்ளேயே அறுந்து புண் சீழ்பிடித்துவிடும், அதனால் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், அதே மனிதரின் அதே காலுக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். ஜெஸ்ஸி இந்த வேலையைச் செய்தார். முகாமில் நாங்கள் பாடிய அர்ப்பணிப்புப் பாட்டு எதிலும் இப்படி ஒரு வேலை வரவே இல்லை.

1929ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளைகள் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஈவ்லின் ஊருக்குப் போய்ப் பிள்ளைகளோடு இருந்துவிட்டு, திரும்பவும் இந்தியாவுக்கு வந்துவிட்டார். எழுபது வயதை நெருங்கியபோது, இனி உங்களை மலைக்கு அனுப்ப முடியாது என்று அவரை அனுப்பிய மிஷன் சொல்லிவிட்டது. சரி, மிஷன் வேலையிலிருந்துதானே ஓய்வு என்று எடுத்துக்கொண்டு, தன் சொந்தப் பொறுப்பில் மறுபடியும் மலைக்கே போய்விட்டார். கொல்லிமலை மட்டும் இல்லை, கல்வராயன் மலை, பச்சைமலை என்று அவரும் கணவரும் முன்பு கனவு கண்ட மலைகளுக்கெல்லாம். விழுந்து எலும்பு முறிந்த பிறகும் இரண்டு கைகளிலும் கம்பு ஊன்றி நடந்தார், மலைக்குதிரை மேல் ஏறிப் போனார். கடைசி இருபது வருஷம் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லையாம். 1974ல், 95வது வயதில் இறந்து, கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டார். நான் எந்த வயதில் ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தேனோ, அதையும் தாண்டிய வயதில் அவர் இன்னொரு தடவை மலையேறினார்.

சிலுவையை எடுத்துக்கொண்டு என் பின்னே வா என்று இயேசு சொன்னது மத்தேயுவிலும் இருக்கிறது, மாற்குவிலும் இருக்கிறது. லூக்கா 9:23ல் மட்டும்தான் "அனுதினமும்" என்று ஒரு வார்த்தை கூடுதலாக வருகிறது. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாய்ச் சொன்ன வசனம், அந்த வார்த்தை மேல் என் கண் நின்றது நாற்பது வயதுக்கு மேல்தான். முகாமில் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டதாக நான் நினைத்தேன். ஆண்டவர் கேட்டதோ அடுத்த நாளையும், அதற்கு அடுத்த நாளையும்.

எங்கள் சபையில் ஒரு பாட்டி இருக்கிறார். பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்து ரொம்ப நாளாகிறது, மகன் வேலைக்குப் போய்விட்டால் பகலில் வீட்டில் யாரும் இல்லை. முதல் தடவை ஜெபம் பண்ணிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். போர்வை விலகியிருந்தபோது கால் நகங்களைப் பார்த்தேன், தடித்து வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தன, எத்தனை மாதமாய் வலித்ததோ. வெந்நீரில் காலை ஊறவைத்து வெட்டப் பார்த்தேன், என் நகவெட்டிக்கு அது மசியவே இல்லை. ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று அழுத்தினால் ரத்தம் வந்துவிடும் என்று பயம். அன்றைக்கு இரண்டு விரல்தான் முடிந்தது.

"மீதிய எப்ப கண்ணு வெட்டுவ?" என்று பாட்டி கேட்டார். சனிக்கிழமை என்றேன். அப்படித்தான் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. இப்போது வெட்டி முடித்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுகிறேன், பாட்டி ஞானப்பாட்டுப் புத்தகத்தில் நம்பர் சொல்வார், அந்தப் பாட்டை நான் பாட வேண்டும். நாளைக்கும் போகிறேன், பெரிய நகவெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.