குன்னூர்க் காற்றுக்கு 1.225 போடாதீர்கள்

குன்னூர் டீ ஃபேக்டரி ஒன்றின் விதரிங் ட்ரஃப் (தேயிலையை வாட்டும் தொட்டி) ஃபேன் எவ்வளவு சத்தம் போடும் என்று ஓப்பன்ஃபோம் என்ற காற்றோட்டக் கணிப்பு மென்பொருளில் கணக்கிடுவதாக வைத்துக்கொள்வோம். விட்டம் 1.2 மீட்டர், 6 இறக்கை, 960 ஆர்பிஎம். நுனி வேகம் வினாடிக்கு 60 மீட்டர்தான். காற்றின் அடர்த்தி மாறாது என்று கொள்ளும் இன்கம்ப்ரசிபிள் சால்வரே போதும்.

வம்பு அங்கேதான் தொடங்குகிறது. அந்த சால்வர் தரும் 'அழுத்தம்' பாஸ்கல் அல்ல. அடர்த்தியால் வகுத்த அழுத்தம், அலகு மீ²/வி². அழுத்த ஃபைலைத் திறந்தால் [0 2 -2 0 0 0 0] என்றிருக்கும் (முதல் மூன்று எண்கள் நிறை, நீளம், காலம் ஆகியவற்றின் அடுக்குகள்). பாஸ்கல் என்றால் [1 -1 -2 0 0 0 0]. டெசிபலுக்குப் போகும் முன் அடர்த்தியால் பெருக்கியாக வேண்டும்.

எந்த அடர்த்தி? பழக்கத்தில் 1.225 என்று கை போட்டுவிடும். அது கடல்மட்டத்துக் காற்றின் அடர்த்தி (கிலோ/மீ³). குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் ஏறத்தாழ 81,000 பாஸ்கல், 20 டிகிரியில் அடர்த்தி 0.96. இங்கே 1.225 போட்டால் விடை 2.1 டெசிபல் கூடிவிடும். பெருக்கவே மறந்தாலோ பிழை 0.3 டெசிபல்தான்! மறதிக்காரர் தப்பிப்பார், அரைகுறையாகக் கவனித்தவர் மாட்டுவார். அதே மறதியோடு சமவெளி கேஸை ஓட்டினால் 1.8 டெசிபல் குறையும்.

பாகுநிலையையும் அடர்த்தியால் வகுத்துத்தான் கொடுக்கிறோம் என்பதால் 0.000015 மீ²/வி என்ற வழக்கமான எண் 0.000019 ஆக வேண்டும். ஒலி வேகத்தை மட்டும் உயரத்துக்காகத் தொடாதீர்கள். அது வெப்பநிலையைப் பொறுத்தது: 20 டிகிரியில் சென்னையிலும் குன்னூரிலும் வினாடிக்கு 343 மீட்டர், உறைபனிக்கு முந்தைய 5 டிகிரி இரவில் 334.

சுழற்சி வேகம் ரேடியன்/வினாடியில் கேட்கப்படும் இடத்தில் 100.5 போட வேண்டும். 960 என்றே போட்டால் நுனி வேகம் 576 மீட்டர், ஒலியைத் தாண்டிவிடும். இன்கம்ப்ரசிபிள் சால்வர் வாயே திறக்காது. ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் கிராஃப்) முதல் முகடு 6 × 960 / 60 = 96 ஹெர்ட்ஸில் நிற்கிறதா பாருங்கள். 917-இல் நின்றால் இதுதான் காரணம். ஃபேனின் வடிவத்தைத் தரும் எஸ்டிஎல் ஃபைலுக்கு அலகே கிடையாது. மில்லிமீட்டரில் வரைந்ததை 0.001 கொண்டு சுருக்காவிட்டால் ஃபேன் 1.2 கிலோமீட்டர் அகலம் ஆகிவிடும்.

ஸ்பெக்ட்ரத்தின் செங்குத்து அச்சில் வெறும் 'டெசிபல்' என்றிருந்தால் நான் நம்புவதில்லை. 0.5 வினாடிப் பதிவில் ஸ்பெக்ட்ரத்தின் ஒவ்வொரு அதிர்வெண் கட்டமும் 2 ஹெர்ட்ஸ் அகலம். இரைச்சல் பகுதி, 'ஒரு ஹெர்ட்ஸுக்கு' என்று போட்ட கிராஃபைவிட 3 டெசிபல் மேலே தெரியும். உச்ச வீச்சையும் ஆர்எம்எஸ்ஸையும் (வர்க்கச் சராசரியின் மூலம்) குழப்பினால் தனிச்சுரத்தில் இன்னொரு 3.

அடர்த்தி மாறுவதையும் கணக்கிடும் கம்ப்ரசிபிள் சால்வருக்கு மாறினால் அழுத்தம், காற்றழுத்தமும் சேர்ந்து முழுதாக, பாஸ்கலில் 80987.3 என்று வரும். எழுதும் இலக்கங்கள் இயல்பில் 6, அதாவது 0.1 பாஸ்கல் படி. 60 டெசிபல் என்பது 0.02 பாஸ்கல், ஃபைலில் சுவடே இருக்காது. இலக்கங்களை 12 ஆக்கிவிட்டு ஓட்டுங்கள். ஓடி முடிந்தபின் மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.