ஐந்து வருடம் காத்திருந்து வாங்கும் அறுநூறு ரூபாய்: வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகை எங்கே கைநழுவுகிறது

பதிவு செய்துவிட்டு வேலையில்லாமல் காத்திருப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் தரும் உதவித்தொகையைப் பற்றிப் பேசும்போது முதலில் தொகையைச் சொல்லிவிடுவது நல்லது. கேட்டதும் வேண்டாம் என்று போகிறவர்களுக்கு அலைச்சலாவது மிச்சம். பத்தாம் வகுப்பில் தோல்வி என்றால் மாதம் 200 ரூபாய், தேர்ச்சி என்றால் 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வங்கிக் கணக்கில் வரும். மூன்று ஆண்டோடு முடிந்துவிடும். ஒரு பட்டதாரி தவணை தவறாமல் வாங்கினால் கைக்கு வருவது 21,600 ரூபாய்.

மாற்றுத்திறனாளிகளுக்குக் கணக்கே வேறு. பத்தாம் வகுப்பு வரை படித்தவருக்கு மாதம் 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டப்படிப்புக்கு 1,000. அதுவும் பத்து ஆண்டுகள். பட்டதாரி ஒருவருக்கு மொத்தம் 1,20,000 ரூபாய். மற்றவர்கள் பதிவு செய்து ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டு போதும். குடும்ப வருமான உச்சவரம்பும் அவர்களுக்குக் கிடையாது. இவ்வளவு சலுகை இருந்தும், தனக்குத் தகுதி உண்டு என்றே தெரியாதவர்கள் இந்தப் பிரிவில்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

வாங்கலாமா என்று தயங்குகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: "உதவித்தொகை வாங்கினால் சீனியாரிட்டி போய்விடுமாமே?" போகாது. உதவித்தொகை வாங்குகிற காலத்திலும் பதிவு அப்படியே இருக்கும், பணிக்கான பரிந்துரையும் நடக்கும். இந்தப் பயத்தில் யாரும் விட்டுவிட வேண்டாம்.

விலக்குகளையும் சொல்லிவிடுகிறேன். பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை அறிவியல், சட்டம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இது இல்லை. தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவருக்கும் இல்லை. அஞ்சல்வழியில் படித்தால் பரவாயில்லை. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு வயது 45-க்குள்ளும் மற்றவர்களுக்கு 40-க்குள்ளும் இருக்க வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவரும் சொந்தத் தொழில் செய்கிறவரும் கேட்க முடியாது. படிப்பைத் தமிழ்நாட்டிலேயே முடித்திருக்க வேண்டும். வெளியே படித்தவர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ 15 ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும்.

இனி தேதிக் கணக்கு. பாதிப் பேர் தவறுவது இங்கேதான்.

ஐந்து ஆண்டு என்பது மனு கொடுக்கும் நாளில் முடிந்தால் போதாது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று தொடங்கும் ஒவ்வொரு காலாண்டுக்கும், அதற்கு முந்தைய நாளை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஜூலை–செப்டம்பர் காலாண்டுக்கு ஜூன் 30 அன்று ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும். பட்டத்தை 2019 ஜூன் 28-ல் பதிவு செய்தவர் 2024 ஜூலை காலாண்டுக்கே மனு போடலாம். ஜூலை 2-ல் பதிவு செய்தவர் அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு காலாண்டிலும் மாவட்ட நிர்வாகம் கடைசித் தேதியோடு செய்திக்குறிப்பு வெளியிடும். உள்ளூர்ப் பதிப்பில் சின்னதாக வரும், கண்ணில் படாது. காலாண்டின் முதல் மாதமே அலுவலகத்துக்குப் போய்விடுவது உத்தமம்.

இன்னொன்று: ஒவ்வொரு படிப்புக்கும் பதிவுத் தேதி தனித்தனி. பத்தாம் வகுப்பு எப்போதோ பதிவாகியிருக்கும். பள்ளியிலேயே மதிப்பெண் பட்டியல் கொடுக்கும்போது போட்டுவிட்டிருப்பார்கள். பிறகு வாங்கிய பட்டத்தைப் பதிவு செய்யவே பலர் மறந்திருப்பார்கள். அட்டையில் படிப்புக்கு நேரே இருக்கும் தேதியைப் பாருங்கள், மேலே இருக்கும் முதல் பதிவுத் தேதியை அல்ல. 600 ரூபாய்க்கு உரிமை வருவது அந்தப் பட்டத்தின் தேதியிலிருந்து.

பள்ளியில் பதிவானவர்கள் பலரிடம் அட்டையே இருக்காது. வேலைவாய்ப்புத் துறை இணையதளத்தில் நுழைய பதிவு எண்தான் பயனர் பெயர். பிறந்த தேதி கடவுச்சொல். எண்ணின் அமைப்பு தெரிந்தால் பழைய ஜெராக்ஸில் பாதி அழிந்திருந்தாலும் ஓரளவு பிடித்துவிடலாம்: மாவட்டத்தைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்து, பதிவு செய்த ஆண்டு, ஆணுக்கு எம் அல்லது பெண்ணுக்கு எஃப், பிறகு எட்டு இலக்கம். எட்டில் முதல் சில பூஜ்யமாக இருக்கும். அந்தப் பூஜ்யத்தில் ஒன்றை விட்டுவிட்டு "உள்ளே போகவே மாட்டேங்குது" என்று பிரவுசிங் சென்டரில் மல்லுக்கட்டுவது அன்றாடக் காட்சி.

புதுப்பித்தல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. மேலே சொன்ன 2019 ஜூன் பட்டதாரியையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜூனில் அவர் புதுப்பித்திருக்க வேண்டும். விட்டுவிட்டார், அக்டோபரில் புதிதாகப் பதிவு செய்தார் என்று வையுங்கள். பழைய மூப்பு போய்விட்டது. ஐந்து ஆண்டு 2027 அக்டோபரில்தான் முடியும். மனு 2028 ஜனவரி காலாண்டுக்கு. அந்தச் சோம்பலுக்கு மூன்றரை ஆண்டு தண்டனை. அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை தருவதுண்டு. 2014 முதல் 2019 வரை புதுப்பிக்கத் தவறியவர்களுக்கு 2021 டிசம்பரில் தொடங்கி மூன்று மாதம் வாய்ப்புக் கொடுத்தார்கள். அப்படி ஒன்று மறுபடி வரும் என்று நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது.

ஒழுங்காகப் புதுப்பித்தவருக்கும் ஒரு குழி காத்திருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து பணம் வரத் தொடங்கிவிட்டது, நிம்மதி. ஆனால் அடுத்த புதுப்பித்தல் 2025 ஜூனில், உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கும்போதே வருகிறது. பணம்தான் வருகிறதே என்று அதை மறந்தால் பதிவும் போகும், பணமும் நிற்கும். புதுப்பித்ததும் திரையில் வரும் அட்டையை அச்செடுத்து, அடுத்த புதுப்பித்தல் தேதி மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே எழுந்திருங்கள்.

மனுப் படிவத்தை அலுவலகத்தில் இலவசமாகத் தருவார்கள்; இணையதளத்திலும் இறக்கிக்கொள்ளலாம். காசு கேட்பவர்களிடம் வாங்க வேண்டியதில்லை. படிவத்தில் வருவாய்த் துறை கையெழுத்திட வேண்டிய பகுதிதான் நாள் பிடிக்கும். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), பிறகு ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) என்று போக வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, மாதம் 6,000. இன்றைய கூலி நிலவரத்தில் ஒரே ஒருவர் ஒழுங்காகக் கட்டட வேலைக்குப் போனாலே தாண்டிவிடும் தொகை இது. உச்சவரம்பு நியாயமாக இல்லை என்பது என் கருத்து. ஆனால் விதி அதுதான்.

இதில் எங்கே இடிக்கிறது என்றால், வீட்டில் தங்கையின் கல்வி உதவித்தொகைக்காகச் சில மாதம் முன்பு இ-சேவையில் வாங்கிய வருமானச் சான்றிதழ் இருக்கும். அதில் 96,000 என்று போட்டிருப்பார்கள். அந்தத் திட்டத்தின் வரம்பு பெரிது, அதனால் அங்கே யாருக்கும் உறுத்தவில்லை. இப்போது அதே குடும்பத்துக்கு 72,000-க்குள் எழுதச் சொன்னால் ஆர்.ஐ. கையெழுத்திட மாட்டார், இடாமல் இருப்பதுதான் சரியும்கூட. வருமானச் சான்றிதழ் எதற்கு வாங்கினாலும் உண்மையான தொகையைச் சொல்லி வாங்குங்கள். திருமணமான பெண்களுக்கு, ரேஷன் கார்டில் பெயர் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டு வருமானத்தைத்தான் கேட்பார்கள். புகுந்த வீடு வேறு மாவட்டம் என்றால் பதிவை அங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றினால் பழைய மூப்பு கூடவே வரும். புதிதாகப் பதிவு செய்துவிடாதீர்கள்.

மனுவை நேரில் கொடுக்க வேண்டும். மதிப்பெண் சான்றிதழ்கள், டி.சி., பட்டச் சான்றிதழ், வேலைவாய்ப்பு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றிலும் அசலும் ஜெராக்ஸும். மாற்றுத்திறனாளிகள் அடையாள அட்டையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேறு துறையிலிருந்து மாதாமாதம் உதவியோ ஓய்வூதியமோ வருகிறது என்றால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனிஷியல் தொல்லை தனி. மதிப்பெண் பட்டியலில் "செல்வி மு", ஆதாரில் "செல்வி முத்தையா", பாஸ்புக்கில் "முத்தையா செல்வி". மூன்றும் ஒரே ஆள் என்று பார்த்தால் தெரியும், கணினிக்குத் தெரியாது. மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது பெரிய வேலை. ஆதாரையும் பாஸ்புக்கையும் ஒன்றுக்கொன்று பொருத்திவைப்பதே சுலபம்.

வங்கிக் கணக்கு மனுதாரரின் தனிப் பெயரில் இருக்கட்டும். இரண்டு ஆண்டு வரவு செலவே இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். பழைய ஸ்காலர்ஷிப் கணக்குகள் பெரும்பாலும் இந்தக் கதிதான். வங்கிகள் இணைந்ததில் கிளைக் குறியீடு மாறியதையும் கவனிக்க வேண்டும்: 2020 ஏப்ரலில் சிண்டிகேட் கனராவிலும், ஆந்திராவும் கார்ப்பரேஷனும் யூனியன் வங்கியிலும், அலகாபாத் இந்தியன் வங்கியிலும் சேர்ந்தன. பழைய பாஸ்புக் முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் செல்லாத ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணும் கூடவே போகும். புதுப் பாஸ்புக் வாங்கிக் கொடுங்கள். குறைந்தபட்ச இருப்பு கேட்கும் கணக்கும் வேண்டாம். காலாண்டுக்கு வருகிற சொற்பத் தொகையில் அபராதமாகப் பிடித்துக்கொண்டால் மிஞ்சுவது என்ன? ஜன்தன் போன்ற இருப்பில்லாக் கணக்கே போதும்.

பணம் வரத் தொடங்கிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும்: இன்னும் வேலை கிடைக்கவில்லை, தினசரி வகுப்புக்குப் போகவில்லை, வருமானம் வரம்புக்குள் இருக்கிறது என்று. நினைவூட்டி யாரும் கடிதம் போடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். கொடுக்காவிட்டால் தொகை நிற்கும். பத்து ஆண்டு வாங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு இது ஆண்டுதோறும் தொடரும் வேலை. நடுவில் வேலை கிடைத்துவிட்டால் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுவதே நல்லது.

வேலையில் இருந்து, வேலை போனவர்கள் இந்த வரிசையில் வந்து நிற்பதற்கு முன் பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால், வேலை போனவர்களுக்கு உதவித்தொகை தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம் இருக்கிறது. 2018-ல் தொடங்கியது, சராசரி நாள் ஊதியத்தில் 25 சதவீதமாக இருந்ததை 2020-ல் 50 சதவீதமாக்கினார்கள். அவ்வப்போது நீட்டித்துக்கொண்டு வரும் திட்டம் என்பதால் நடப்பில் இருக்கிறதா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரை. மாதம் 15,000 சம்பளத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவரின் மொத்த ஊதியம் 3,60,000. அதை 730-ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 493, அதில் பாதி 246 சொச்சம், 90 நாளுக்கு ஏறத்தாழ 22,190 ரூபாய். வேலைவாய்ப்பு அலுவலகம் ஒரு பட்டதாரிக்கு மூன்று ஆண்டில் தருவதைவிட இது கூடுதல்.

இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும்; வேலை போவதற்கு முந்தைய ஆறுமாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும்; அதற்கும் முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று காலத்தைப் பிரித்துக்கொள்வார்கள். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடையாது. வேலை போய் 30 நாள் கழித்து, ஆதாரோடு இணைத்த காப்பீட்டு எண் வழியாக நீங்களே ஆன்லைனில் கோரலாம்; பழைய முதலாளியின் கையெழுத்துக்கு அலைய வேண்டியதில்லை.