தாத்தா பாதியில் நிறுத்திய கதை

போன ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பேரன் கேட்டான்: "ஆயா, நம்ம தென்னாப்பிரிக்காவிலேயிருந்து ஐரோப்பாவுக்கு சாக்கர் ஆட மொதல்ல போனது யாரு?"

ஸ்டீவ் மொகோனே என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவன் சும்மா இருப்பானா? போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கார்டன் ஹாட்சன்னு ஒருத்தர் 1925-லேயே லிவர்பூலுக்குப் போயிருக்காரே" என்றான்.

அதுவும் சரிதான். ஹாட்சன் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். அவருக்குப் பிறகும் வரிசையாகப் போனார்கள். எடி ஃபிர்மானி 1950-ல் இங்கிலாந்தின் சார்ல்டன் கிளப்புக்குப் போய், ஐந்தே வருஷத்தில் இத்தாலிக்கு 35,000 பவுனுக்கு விலை போனார். எல்லாரும் வெள்ளைக்காரப் பையன்கள். எங்கள் வீட்டில் 'மொதல்ல போனவர்' என்றால் அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். என் தாத்தா வைத்த கணக்கு அது.

தாத்தா டர்பன் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர். சோம்ட்சு ரோட்டில், இந்தியத் தொழிலாளிகளுக்கென்று இருந்த மேகசின் பேரக்ஸில் ஒற்றை அறையில் குடும்பம் நடத்தினார். அதே ரோட்டில்தான் ஆப்பிரிக்கர்களின் சாக்கர் மைதானம். ஞாயிற்றுக்கிழமை அங்கே கோல் விழுந்தால் பேரக்ஸில் அடுப்படியில் இருக்கிறவர்களுக்கும் தெரிந்துவிடுமாம். இந்தியர்களுக்குக் கரீஸ் ஃபவுண்டன் மைதானம் இருந்தது. தாத்தா அங்கேயும் போவார். ஆனால் நடந்தே போகலாம் என்பதால் சோம்ட்சு ரோடுதான் அவருக்குப் பழக்கம். புஷ் பக்ஸ் என்ற கிளப்பில் ஒல்லியாக ஒரு பையனை அங்கேதான் பார்த்தாராம். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "பந்து அவன் கால்ல இல்லடி, பாவாடை நாடா மாதிரி இடுப்புல கட்டியிருந்தான்."

தாத்தாவுக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு. ஆனாலும் அந்தப் பையன் டர்பனில் ஆடியது நிஜம். மொகோனே 1932-ல் ஜோகன்னஸ்பர்க்கின் டோர்ன்ஃபோன்டெய்னில் பிறந்தவர். மகன் வக்கீலாக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. படிக்கத்தான் டர்பன் பக்கத்து இனாண்டாவில் ஜான் டூபே ஆரம்பித்த ஒலாங்கே பள்ளிக்கு அனுப்பினார்கள். 1994-ல் மண்டேலா தன் முதல் ஓட்டைப் போட்டாரே, அதே பள்ளி. ஃபீனிக்ஸில் இருக்கும் என் மகள் வீட்டிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. படிக்க வந்த பையன் புஷ் பக்ஸில் சேர்ந்தார். பதினாறு வயசிலேயே ஆப்பிரிக்கர்களின் தேசிய அணிக்கும் எடுத்துவிட்டார்கள். 'பட்டப்பெயர் கலமசூ' என்று சொல்லும்போது தாத்தா ஒவ்வொரு எழுத்தாக நீட்டுவார்.

இங்கிலாந்திலிருந்து கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் போதுமா? கறுப்புப் பையனுக்கு பாஸ்போர்ட் கொடுக்க அரசாங்கம் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. ஒருவழியாக 1956-ல் கவென்ட்ரி சிட்டிக்கு ஆடினார். தென்னாப்பிரிக்கக் கறுப்பர்களில் ஐரோப்பாவில் சம்பளத்துக்கு ஆடிய முதல் ஆள்.

தாத்தாவின் கதை இங்கே முடிந்துவிடும். "போயிட்டான்டி, இங்கிலாந்துக்கே போயிட்டான்" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்துபோவார். பேரக்ஸைக் காலி செய்யச் சொல்லி எங்களை இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய பிறகும், அங்கே வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து இதே இடத்தில்தான் நிறுத்தினார். 1971-ல் அவர் இறந்துபோனபோதும் கதை அங்கேயேதான் நின்றது.

மீதியை நான் வயசான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கவென்ட்ரியில் நாலே ஆட்டம், ஒரு கோல். நீளமாக அடித்துவிட்டு ஓடுகிற அவர்கள் பாணியும், பந்தைக் கூடவே கூட்டிக்கொண்டு போகிற இவர் பாணியும் ஒத்துப்போகவில்லை. பணமும் பெரிதாக இல்லை. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரத்துக்கு இவ்வளவுதான் என்று 1961 வரை அங்கே ஓர் உச்சவரம்பு இருந்தது. இவர் போன சமயம் அது 15 பவுன்.

1957-ல் நெதர்லாந்தில் அல்மெலோ என்ற நெசவாலை ஊருக்கு, ஹெராக்ளிஸ் கிளப்புக்குப் போனார். அந்த நாட்டில் சம்பள சாக்கர் தொடங்கியே மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கேதான் மனுஷன் நட்சத்திரம் ஆனார். அடுத்த வருஷமே அந்த அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஊர்க்காரர்கள் அவரைக் 'கறுப்பு எரிகல்' என்றார்கள். ஹெராக்ளிஸ் மைதானத்தில் ஒரு பக்கத்து இருக்கை வரிசைக்கே இன்று அவர் பெயர். 1959-ல் வேல்ஸின் கார்டிஃப் சிட்டி கிளப்: லிவர்பூலுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல், 3-2 என்று ஜெயித்தார்கள். அங்கேயும் மூன்றே ஆட்டம்தான். பெலேவுக்குச் சமம், அவருக்கு இவருக்குச் சமம் என்றெல்லாம் பிறகு எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது வேண்டாம். நெசவாலை ஊரில் பெயர் எழுதிவைத்திருக்கிறார்களே, அது போதும்.

ஆட்டத்தை விட்டபின் அமெரிக்காவில் உளவியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். அப்பா கேட்ட படிப்பு இல்லை, ஆனாலும் படிப்பு. அப்புறம் எழுபதுகளின் கடைசியில், முன்னாள் மனைவி தாக்கப்பட்ட வழக்கில் தண்டனை. ஏறக்குறைய ஒன்பது வருஷம் ஜெயில். தான் செய்யவில்லை என்றுதான் அவர் சொல்லிவந்தார். டாம் எக்பர்ஸ் என்ற நெதர்லாந்துப் பத்திரிகையாளர் அந்தத் தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பி எழுதினார். எனக்கு எந்தப் பக்கமும் அடித்துச் சொல்லத் தெம்பில்லை; அடிபட்ட அந்தப் பெண்ணையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 2003-ல் நம் அரசாங்கம் அவருக்குக் கலை, விளையாட்டுச் சாதனையாளர்களுக்கான தங்க இகமாங்கா விருது கொடுத்தது. 2015 மார்ச்சில், 83-வது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வாஷிங்டனில் இறந்துபோனார்.

பேரனிடம் கார்டிஃப் கோல் வரைக்கும் சொன்னேன். "அப்புறம்?" என்றான். ரசம் ஆறுகிறது, சாப்பிடு என்றேன். பதினொரு வயசு. அல்மெலோ எங்கே இருக்கிறது என்று இப்போது போனில் தேடிக்கொண்டிருக்கிறான். இன்னும் ரெண்டு தட்டு தட்டினால் மீதியை அவனே படித்துவிடுவான்.