கல்பாத்தியில் ஓட்டு வீட்டைப் புதுப்பிக்க அனுமதி பெற்ற அனுபவம்

பாலக்காடு கல்பாத்தியின் அக்ரகாரத் தெருக்கள் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டவை. அங்கே வீட்டைக் கட்டவோ மாற்றவோ நகராட்சி அனுமதியோடு மாநிலக் கலை, பாரம்பரிய ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒப்புதலுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும். தாத்தா காலத்து வீட்டின் உத்தரத்தில் கரையான் ஏறி, மழை பெய்தால் கூடத்தில் அண்டாவை வைக்க வேண்டிய நிலை வந்தபோது, கோயம்புத்தூரில் வேலையில் இருந்த நான் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில், எது காக்கப்படுகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். பலர் கல்பாத்தியையும் பாலக்காட்டுக் கோட்டையையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். 1766-இல் ஹைதர் அலி கட்டிய கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 2010-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு உண்டு. கல்பாத்தியில் காக்கப்படுவது தனி ஒரு கட்டடம் அன்று, வரிசை. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகளும், தெருவைப் பார்த்துச் சரியும் ஓட்டுக் கூரைகளும், ஒன்றன்பின் ஒன்றாக நீளும் திண்ணைகளும், துலா (ஐப்பசி) மாதக் கடைசியில் தேர்கள் வரும் வழியும் சேர்ந்ததுதான் அந்த வரிசை. ஆகவே தெருவிலிருந்து தெரிவதைத் தொடாமல், உள்ளே வேண்டிய மாற்றங்களைக் கேட்பதே விண்ணப்பத்தின் அடிப்படையாக இருக்க வேண்டும்.

நான் முதலில் பேசிய பொறியாளர் திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் போடலாம் என்றார். அவரை விட்டுவிட்டு, பழைய வீடுகளில் வேலை செய்து பழகிய ஒருவரைப் பிடித்தேன். அவர் எங்கள் வீட்டை இப்போதுள்ளபடி முழுவதும் அளந்து ஒரு படமும், மாற்றத்துக்குப் பின் எப்படி இருக்கும் என்று இன்னொரு படமும் வரைந்தார். இருபுறத்து வீடுகளையும் சேர்த்துத் தெரு முகப்பை ஒரே தாளில் வரைந்து கொடுத்ததுதான் பின்னால் பெரிதும் உதவியது. ஆதாரம் என்று அங்கே சொல்லும் சொத்துப் பத்திரம், நில வரி ரசீது, சொத்து நம் கைவசம் இருப்பதற்கான சான்று ஆகியவை எளிதாகக் கிடைத்தன. பாகம் பிரிக்காத சொத்தாகையால் பெரியப்பாவின் பிள்ளைகளும் மும்பை அத்தையும் கையெழுத்திட வேண்டியிருந்தது. அதில் போன காலத்தைச் சொல்லி மாளாது. அக்ரகாரத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பலவற்றுக்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கூரைப் பொருளைப் பற்றி விளக்கம் கேட்டுக் கோப்பு ஒருமுறை திரும்பி வந்தது. பிறகு இடத்தைப் பார்க்க வந்த அதிகாரி, உள்ளே நுழையுமுன் எதிர்த் திண்ணை ஓரமாக நின்று, இறவாணம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு, பக்கத்து வீடுகளோடு ஒரே கோட்டில் வருகிறதா என்று நெடுநேரம் பார்த்தார். கூரையின் ஓடுகளும் சரிவும் உயரமும், திண்ணையின் மர அழியும் (மரக் கம்பித் தடுப்பும்) அப்படியே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புதல் வந்தது. பின்கட்டில் அடுக்களையையும் குளியலறையையும் மாற்றிக்கொள்ளத் தடை எதுவும் இருக்கவில்லை.

காகிதத்தைவிடக் கடினமாக இருந்தது பொதுச் சுவர். கூரையைப் பிரித்தபோது, வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய அந்த ஒரே சுவரின் மேல் எங்கள் உத்தரமும் பக்கத்து வீட்டு உத்தரமும் எதிரெதிராக வந்து, இடையில் ஒரு கை அகலம்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டோம். எங்களுடையதை இழுத்தால் அவர்களுடையது அசையும். பக்கத்து வீட்டு மாமி, "சுவத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், கேட்டேளா" என்று முன்பே எச்சரித்திருந்தார். அவர்கள் பக்கம் முட்டுக் கொடுத்து, செலவு யாருடையது என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொண்ட பிறகே வேலை நகர்ந்தது. சிமெண்டுப் பூச்சு பழைய சுவரின் ஈரத்தை வெளியே விடாது. நாளடைவில் சுவரின் மேல்தோலையே பெயர்த்துக்கொண்டு விழும். ஆகவே சுண்ணாம்பைக் குழைத்துப் புளிக்கவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார்களைக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வரவழைத்தோம்.

இதனால் செலவு கூடியது. எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி சொல்கிறது. அதற்கான பணம் வீட்டுக்காரருடையது. 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அகமதாபாத்தில், பாரம்பரிய வீட்டுக்காரர்கள் தாங்கள் பயன்படுத்த முடியாத கட்டட உரிமையை நகரின் வேறு பகுதியில் கட்டுவோருக்கு விற்று, அந்தப் பணத்தில் வீட்டைப் பழுதுபார்க்க வழி செய்திருக்கிறார்கள். எங்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கட்டுப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தெரு முழுவதற்கும் உரிய அழகின் செலவை ஒரு குடும்பம் மட்டும் சுமப்பது நியாயமாகப் படவில்லை.

தேர் முடிந்து கார்த்திகையில் வேலையைத் தொடங்கினால் இடவப்பாதி மழைக்கு (ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக்கு) முன் ஓடு மேய்ந்துவிடலாம். தண்ணீர்த் தொட்டியையும் ஏசியின் வெளிப்பெட்டியையும் கொல்லைப் பக்கமாகவே வரைபடத்தில் காட்டிவிடுங்கள். வேலைக்கு முன் தெருவில் எந்த இடத்தில் நின்று முகப்பைப் படம் எடுத்தீர்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்திலிருந்து எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டியது எங்களுக்கு மிகவும் உதவியது.