பூம்புகார் முதல் வேளாங்கண்ணி வரை: பீச் ரிசார்ட்டில் காசு எந்த வழியாகப் போகிறது

பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி என்று டெல்டாவின் கடலோரத்தில் ரூம் போடுகிறவர்கள் பயப்படுவதெல்லாம் ராத்திரியில் பூட்டை உடைத்து வருகிறவனுக்குத்தான். என் கணக்கில் அவன் மூன்றாம் இடத்துக்காரன். பெரிய தொகை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே, புக்கிங் என்ற பெயரில் போய்விடுகிறது. அடுத்து போவது மணலில் துணியோடு சுற்றி வைத்த போன். அறைக் கதவு அதற்கும் பிறகு. புக்கிங்கில் தொடங்கி, அறையைப் பார்த்துவிட்டு, கடைசியில் மணலுக்கு வருகிறேன்.

போலி புக்கிங்காரனுக்கு ஹோட்டல் தேவையில்லை. கூகுள் மேப்பில் ஒரு விடுதியின் விவரத்தைத் திருத்தச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரை அனுப்பலாம். போன் நம்பரை மாற்றிவிட்டால் வருகிற அழைப்பெல்லாம் அவனுக்குத்தான். இன்னொரு வழி, விடுதியின் பெயரோடு ஒட்டிய ஒரு வலைத்தளம் போட்டு, தேடலில் விளம்பரமாக மேலே நிற்க வைப்பது. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை. அந்த நாட்களில் நிஜ விடுதிகள் எல்லாம் ரூம் இல்லை என்றுதான் சொல்லும். ‘ஒண்ணே ஒண்ணு இருக்கு, உடனே அட்வான்ஸ் போடுங்க’ என்று ஒரே ஒரு குரல் சொன்னால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

படங்களைப் பாருங்கள். இந்தக் கரையில் கடல் கிழக்கே. கோடியக்கரை முனை மாதிரி கரை திரும்புகிற இடம் தவிர, பால்கனியில் உட்கார்ந்து கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க வழியே இல்லை. குன்று கிடையாது, செம்பாறை கிடையாது. தரங்கம்பாடியில் தெரிகிற பாறை, கடல் அரிப்புக்காகக் கொட்டிய கருங்கல். ஆகவே ‘சன்செட் சீ வியூ, தரங்கம்பாடி’ என்று போட்டிருந்தால் அந்தப் படம் கோவாவிலோ கேரளக் கோவளத்திலோ எடுத்தது.

அடுத்து நம்பர். மொபைல் மட்டும் கொடுத்திருந்தால் லேண்ட்லைன் கேளுங்கள். பூம்புகார், தரங்கம்பாடிக்கு 04364, நாகை, வேளாங்கண்ணிக்கு 04365, காரைக்காலுக்கு 04368. லேண்ட்லைன் இல்லாத நல்ல விடுதிகளும் உண்டு, அங்கே ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்கலாம். எண்ணும் எழுத்துமாகப் பதினைந்து இடம், தமிழ்நாட்டு விடுதி என்றால் 33-ல் தொடங்கும், காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் 34-ல் தொடங்கும். ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வரும். பணம் போடும்போது யு.பி.ஐ. திரையில் வருகிற பெயர் அதோடு ஒத்துப்போக வேண்டும். விடுதி நாகையில் இருக்க, கணக்கு எங்கோ வடக்கே உள்ள யாரோ தனி ஆள் பெயரில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ‘அது எங்க மேனேஜர் அக்கவுண்ட் சார்’ என்பது எல்லோரும் சொல்கிற பதில்.

முதல் தொகை போனதோடு முடிவதில்லை. இப்படி ஒரு அழைப்பு வரும்: “சார், உங்க நாலாயிரம் வந்துருச்சு. ஆனா சிஸ்டத்துல 3,999 ரூபாய் 99 பைசான்னு விழுந்தாத்தான் ரூம் கன்ஃபர்ம் ஆகும், நீங்க ரவுண்டா போட்டுட்டீங்க. இப்ப கரெக்டா அந்த அமௌண்ட்டப் போடுங்க, முதல்ல போட்டது அஞ்சு நிமிஷத்துல ரிட்டர்ன் ஆயிடும்.” போட்டால், இரண்டும் சேர்ந்து மாட்டிக்கொண்டது, மூன்றாவது போட்டால்தான் மொத்தமும் திரும்பும் என்பார்கள். படித்தவர்கள் இதில் விழுவது ரூமுக்காக இல்லை, போட்ட நாலாயிரத்தை மீட்பதற்காக. ஒவ்வொரு தவணையும் முந்தையதைக் காப்பாற்றப் போகிறது. யு.பி.ஐ.யில் பின் நம்பர் கேட்பது பணம் வெளியே போவதற்கும் பேலன்ஸ் பார்ப்பதற்கும்தான். உள்ளே வருவதற்கு பின்னும் வேண்டாம், கியூஆர் கோடு ஸ்கேனும் வேண்டாம். தனி ஆட்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட் ரிக்வெஸ்ட்’ வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்ட பிறகு, ரீஃபண்ட் என்று சொல்லி கியூஆர் படத்தை அனுப்புவார்கள். வாட்ஸ்அப்பில் வருகிற ‘புக்கிங் வவுச்சர்’ பி.டி.எஃப். ஆக இருக்கலாம், ஏ.பி.கே. என்று முடிந்தால் தொடவே கூடாது. அது வவுச்சர் இல்லை, உங்கள் போனில் வருகிற ஓ.டி.பி.களைப் படிக்கும் ஆப்.

பெரிய புக்கிங் ஆப்களில் இன்னொன்று நடக்கிறது. விடுதியின் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறி, அவர்களுடைய கணக்கே திருடன் கைக்குப் போய்விடும். அதனால் ஆப்பின் சாட்டிலேயே, நிஜ விடுதியின் பெயரிலேயே, ‘12 மணி நேரத்துக்குள் கார்டைச் சரிபார்க்காவிட்டால் புக்கிங் ரத்து’ என்று லிங்க் வரும். பெயரும் தேதியும் சரியாக இருப்பதால் சந்தேகம் வராது. லிங்க்கில் கார்டு நம்பர் போடாமல், விடுதிக்கு போன் செய்து கேளுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ‘அந்த லாட்ஜ் ஃபுல் சார், ரிப்பேர் வேலை நடக்குது’ என்கிற ஆள் மோசடிக்காரன் என்றுகூடச் சொல்ல முடியாது, கமிஷன்காரன். அந்தக் கமிஷன் உங்கள் வாடகையில் ஏறும், அவ்வளவுதான். ரிசப்ஷனில் ஆதார் கேட்டால் மாஸ்க்டு ஆதார் கொடுங்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும், ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஜெராக்ஸ் என்றால் அதன் மேலேயே குறுக்கே விடுதி பெயரும் தேதியும் எழுதிவிடுங்கள். ரூம் பாய் தன் சொந்தப் போனில் படம் எடுக்க விடாதீர்கள்.

இனி அறை. கடலோரப் பூட்டுக்கு முதல் எதிரி திருடன் அல்ல, உப்புக் காற்று. கதவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்து, நாக்கு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கதவு சாத்திய மாதிரி இருக்கும், வெளியிலிருந்து தள்ளினால் திறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதி, நாக்கு சட்டத்தின் ஓட்டைக்கு நேராக விழாமல் விலகி நிற்பதும் உண்டு. பையை வைத்ததும் வெளியே போய் கதவை இழுத்துச் சாத்தி, சாவி போடாமல் கைப்பிடியைத் திருகித் தள்ளிப் பாருங்கள். அரை நிமிட வேலை. உள்தாழ்ப்பாள் அரை அங்குலமாவது சட்டத்துக்குள் போகிறதா என்றும் பாருங்கள். கொண்டி போட்டுத் தொங்குபூட்டு மாட்டும் சின்ன லாட்ஜ் என்றால் சொந்தப் பூட்டைக் கொண்டுபோவது உத்தமம். லாட்ஜ் பூட்டுக்கு எத்தனை சாவி, யார் யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. பூட்டு ஏழு லீவராக இருந்து என்ன பயன், கொண்டியைப் பிடித்திருக்கும் ஸ்குரூ வெளியே தெரிந்தால் ஸ்குரூ டிரைவர் போதும். பூட்டிய நிலையில் ஸ்குரூத் தலை கொண்டிக்கு அடியில் மறைய வேண்டும்.

பால்கனிக் கண்ணாடிக் கதவு வழுக்கி ஓடும் வகையாக இருந்தால், கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சிலது தண்டவாளத்திலிருந்து அப்படியே கழன்று வரும். ரூமை மாற்றச் சொல்வதே நல்லது. முடியாதபோது, கதவு ஓடும் பள்ளத்தின் நீளத்துக்கு ஒரு மாப்புக் குச்சியைப் படுக்க வைத்தால் கதவு நகராது. ஏ.சி. இல்லாத தரைத்தள அறையில் ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்கினால், கம்பி வைத்த நீளக் குச்சி உள்ளே வரும். போன், பேன்ட், கைப்பை மூன்றும் ஜன்னலிலிருந்து எட்டடி தள்ளி இருக்கட்டும். சார்ஜ் பிளக் ஜன்னலுக்கு அடியிலேயே இருப்பதுதான் வழக்கமான துரதிர்ஷ்டம்.

அலமாரியில் உள்ள எலக்ட்ரானிக் லாக்கரை நம்பும் முன் இரண்டு சோதனை. ஒன்று, தூக்கிப் பாருங்கள். போல்ட் போட்டு இறுக்காவிட்டால் அது லாக்கர் இல்லை, திருடன் எடுத்துப்போக வசதியான டப்பா. இரண்டு, உங்கள் எண்ணைப் போட்டுப் பூட்டியபின் 0000, 000000, 999999 என்று அடித்துப் பாருங்கள். கம்பெனி வைத்த மாஸ்டர் எண்ணை மாற்றாமலேயே விட்டிருந்தால் திறந்துகொள்ளும். திறந்தால் நகையை அதில் வைக்காதீர்கள். ரிசப்ஷனில் ஒப்படைப்பதானால் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு, என்ன பொருள், எத்தனை கிராம் என்று எழுதிய ரசீது வாங்குங்கள். ஒப்படைத்த பொருளைத் தன் பொருள்போல் கவனிக்கும் கடமை 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவில் இருக்கிறது, ரசீது இல்லாவிட்டால் ஒப்படைத்ததை நிரூபிப்பது கஷ்டம். ‘பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகையைப் பார்த்து அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடுபோன வழக்கில், விடுதியின் கவனக்குறைவுக்கு அந்த வாசகம் கவசம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

ராத்திரி இன்டர்காமில் ‘ரிசப்ஷன்லேர்ந்து பேசுறேன், கார்டு டிக்லைன் ஆயிடுச்சு, நம்பரைத் திரும்பச் சொல்லுங்க’ என்று வந்தால் வைத்துவிட்டு இறங்கிப் போங்கள். வெளியிலிருந்து கூப்பிட்டு ரூம் நம்பரைச் சொன்னால் ஆபரேட்டரே இணைப்புக் கொடுத்துவிடுவார்.

கடலில் இறங்கும்போது நகையைப் பற்றி ஒன்று. திருட்டு என்று புகார் வருவதில் சிலவற்றைக் கடல்தான் எடுத்திருக்கும். தண்ணீரில் நனைந்து குளிர்ந்த விரல் சுருங்கும், மோதிரம் தளரும், அலை இழுக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குப் பூம்புகார் சங்கமத்தில் முங்கும் கூட்டத்தில் செயின் போனால் அறுத்தது ஆளா அலையா என்று சொல்லவே முடியாது. பயணத்துக்குத் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு தங்கச் செயினை வீட்டில் வைத்துவிட்டு வரும் நம் ஊர்ப் பெண்களின் பழக்கத்தை மிஞ்சிய யோசனை எனக்குத் தெரியவில்லை.

போனுக்கு வருவோம். டீக்கடையில் நீங்கள் அடிக்கும் பின் நம்பரைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, பிறகு போனை எடுப்பார்கள். அல்லது சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓ.டி.பி. வாங்குவார்கள். இரண்டாவதற்கு மருந்து, சிம்முக்கே ஒரு பின் போடும் சிம் லாக். போன் செட்டிங்கில் இருக்கிறது. முதலில் உங்கள் சிம் கம்பெனி வைத்திருக்கும் சிம் பின்னைக் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள், மூன்று தடவை தவறாக அடித்தால் பி.யு.கே. என்ற திறப்பு எண்ணைக் கேட்டு அடைத்துக்கொள்ளும். முதலாவதற்கு யு.பி.ஐ. லைட். அதில் அதிகபட்சம் 5,000 வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் இல்லாமல் போகும். பீச் செலவுக்கு ஆயிரம் ஏற்றிக்கொண்டால் கூட்டத்தில் பின் அடிக்கும் வேலையே இல்லை. *#06# அடித்தால் வரும் ஐ.எம்.இ.ஐ. என்ற போனின் அடையாள எண்ணை ஊரிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போன் வைப்பது பார்க்கிங்கில் நிற்கிறவனிடம் கொடுப்பதற்குச் சமம். நாலு பேர் போனால் ஒருவர் கரையிலேயே உட்கார வேண்டியதுதான்.

சாதாரணச் சங்குக்கு மறுபக்கம் திருகியிருக்கும் வலம்புரிச் சங்கு விற்பவர்களைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஐயாயிரம், பத்தாயிரம் என்று பேரம் நடக்கும். இந்தியச் சங்கின் வாய்க்குள், நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்பு வரிகள் கையில் தட்டுப்படும். அமெரிக்கக் கரையில் கிடைக்கும் ஒரு வகைச் சங்குக்கு இயல்பாகவே திருகு மறுபக்கம்தான், விலையும் மலிவு, ஆனால் அந்த மடிப்பு இருக்காது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். காய்ந்த கடல் குதிரை, பவளக் கொத்து யாராவது நீட்டினால் நிஜமாகவே இருந்தாலும் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வாங்கினவரும் மாட்டுவார்.

போன பிறகு என்ன செய்வது? பணம் போயிருந்தால் முதல் அழைப்பு சைபர் குற்ற உதவி எண் 1930, அல்லது cybercrime.gov.in தளம். போன தொகை, நேரம், யு.பி.ஐ. பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க எண் மூன்றும் கையில் இருக்கட்டும். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவும் முன் அதை முடக்கி வைக்கத்தான் இந்த ஏற்பாடு, அதனால் நிமிடங்கள்தான் முக்கியம். அடுத்தது வங்கி. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் போன பணத்துக்கு மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி போட்டது. நீங்களே பின் அடித்திருந்தால் இது உதவாது, ஆனாலும் சொன்ன பிறகு போகும் பணத்துக்குப் பொறுப்பு வங்கியுடையது. போன் போனால் போலீஸ் புகார் எண்ணை வைத்து அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ.யை முடக்கலாம்.

அறையில் திருட்டு என்றால் எதையும் ஒதுக்கி வைக்காமல் படம் எடுத்துவிட்டு, மேனேஜரிடம் எழுத்தில் இரண்டு கேளுங்கள்: சி.சி.டி.வி. பதிவை அழியாமல் எடுத்து வைக்கச் சொல்லி ஒன்று, கார்டு பூட்டு என்றால் அது எப்போதெல்லாம் எந்தக் கார்டால் திறந்தது என்ற பதிவை எடுக்கச் சொல்லி ஒன்று. கேமராப் பெட்டியில் இடம் தீர்ந்தால் பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும். அதன் கடிகாரம் எத்தனை நிமிடம் தப்பாக ஓடுகிறது என்றும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நம் கரையில் புகாருக்கு ஒரு தனிச் சிக்கல். தரங்கம்பாடி மயிலாடுதுறை மாவட்டம். நண்டலாறு சோதனைச்சாவடி தாண்டினால் காரைக்கால், புதுச்சேரி போலீஸ். வாஞ்சூர் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு, நாகை மாவட்டம். காரைக்காலில் தங்கி வேளாங்கண்ணியில் பையைத் தொலைத்தவரை இரண்டு ஸ்டேஷனும் மாற்றி மாற்றி அனுப்புவது எளிது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, எந்த எல்லையில் நடந்த பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வாங்கினதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப் பார்த்தால், அதில் ‘காணாமல் போனது’ என்று எழுதாமல் ‘திருட்டு’ என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு போன் வரலாம். ‘1930-லேர்ந்து பேசுறோம், உங்க பணத்தை ஃப்ரீஸ் பண்ணி வச்சிருக்கோம், ரிலீஸ் பண்ண 2,500 கட்டணும்.’ உங்கள் தொகை, தேதி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். சொல்லாமல் என்ன, எடுத்தவர்களே அவர்கள்தானே. முடக்கிய பணத்தை விடுவிக்க 1930 யாரிடமும் காசு கேட்பதில்லை.